குமரேசனின் கம்பளிகள்

சேலத்துக்கு வந்து சேர்ந்த முதல் மாலை, ஓட்டுநர் அருள்தாஸ் என்னைத் தட்டுவடை செட் கடைக்கு அழைத்துப் போனார். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், காரச் சட்டினி. கடித்ததும் மொத்தமும் நொறுங்கிப் பாதி சட்டைக்கு வந்துவிடுகிறது. நான் இடது கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டேன்.

"பர்ஸா சார்?" என்றார் அருள்தாஸ். "பயப்படாதீங்க. இந்த வயசுல பாக்கெட்ல மாத்திரைதான் இருக்கும்னு திருடனுக்கும் தெரியும்."

"கண்ணாடிக் கூடு" என்றேன்.

"கண்ணாடி மூக்குலயே இருக்குதே சார்?"

நான் கூட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட்டுக்குள் பஞ்சில் பொதிந்து, விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்கும் சில்லு. அதன் நடுவே ஊதா நிறத்தில் சின்னக் கறை. அந்தக் கறை, குமரேசன் என்ற பையனின் நோய் எதிர்ப்பு அணுக்கள். குமரேசன் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

நான் ரத்த உறைவை ஆராய்ந்தவன். சொந்த ஊர் நாகர்கோவில். ஓய்வு பெற்று, சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிறேன். இளம் வயதில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தபோது, நடக்க முடியாமல் கிடந்த குமரேசனை அவன் அம்மா தூக்கி வந்தார். பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாது. உறைவதற்கு வேண்டிய பொருளை நாங்கள் ஏற்றினோம். அவனுடைய எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரி என்று நினைத்து அழித்தன. மருந்தையே தின்றுவிடும் உடம்பு. அப்படி ஓர் உடம்பு எனக்குத் தேவைப்பட்டது. அவன் சிகிச்சைக்கு அல்ல, என் ஆராய்ச்சிக்கு. சோதனைக்கு என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். ஊசி குத்தினால் நாள் முழுக்கக் கசியும் பையனிடம் எடுத்தேன். கொஞ்ச நாளில் அவன் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனான். அந்த அணுக்களைச் சாகவிடாத ஒரு வைரஸைச் சேர்த்து வளர்த்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோனேன். அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

என் பழைய ஆய்வகம் இப்போது இடம் மாறுகிறது. உறைகலன்களை ஒழுங்கு செய்யும் பெண் என்னை அழைத்து, "இது உங்கள் பெயரில் இருக்கிறது. வைத்திருப்பதா, அழிப்பதா?" என்று கேட்டாள். நான் அவகாசம் கேட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவன் அம்மா. அவர் ஜேடர்பாளையம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் புறப்பட்டு வந்தேன். என்ன பேசுகிறேன் என்பது அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஆல்கஹாலில் சாகடித்துச் சாயமேற்றிய கொஞ்சம் அணுக்களைச் சில்லில் எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை நாமக்கல்லைத் தாண்டினோம். பங்குனி வெயில். கோத்தன்பர்க்கில் இந்த மாதத்தில் ஏரிக்கரையில் இன்னும் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பேருந்தில் ஒருவர் தும்மினால் மன்னிப்புக் கேட்பார். இங்கே எங்களுக்கு முன்னால் போன, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, சாலை முழுவதையும் தன் வீட்டு முற்றமாக நினைத்துக்கொண்டு போனது. அதை முந்தப் பார்த்து, முந்த முடியாமல், பரமத்தி தாண்டியதும் எங்கள் காரின் ரேடியேட்டர் ட்யூப் வெடித்தது. வெள்ளைப் புகைக்கு நடுவே அருள்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே, இவருக்குத்தான் வயசாயிருச்சு, வண்டிக்குமா?"

காரை ஒரு மெக்கானிக்கிடம் தள்ளி விட்டுவிட்டு, வழியில் வந்த முட்டை வண்டியில் ஏறிக்கொண்டோம். வண்டிக்காரர் ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவதுபோல ஓட்டினார். நான் இரண்டு கையாலும் சட்டைப் பையைப் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க முட்டையவிடப் பத்தரமா எதையோ புடிச்சிருக்கறீங்க?"

"அதைத்தான் நேத்துல இருந்து நானும் கேக்கறேங்க" என்றார் அருள்தாஸ்.

ஊர் எல்லையில் இறங்கினோம். தேநீர்க் கடை பெஞ்சில் ஒரு பெரியவர் சட்டையில்லாமல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு அடியில் மடித்துப் போட்ட சிவப்புக் கம்பளி. கடைக்குப் பக்கத்தில் ஒரு மொபெட், அதன் இருக்கையிலும் அதே சிவப்புக் கம்பளி. முடிதிருத்தும் கடையின் நாற்காலியில் ஒன்று. கொஞ்சம் தள்ளி, வேப்பமர நிழலில் கட்டியிருந்த எருமையின் முதுகில் ஒன்று. தார் உருகும் வெயிலில் ஊரெல்லாம் கம்பளி.

அருள்தாஸ் குரலைத் தாழ்த்தினார். "கம்பளி வியாபாரி எவனாச்சும் கடனக் கட்டாம இந்த ஊர்ல சரக்கப் போட்டுட்டு ஓடிட்டானா சார்?"

நான் சிரித்தேன். அந்த ஊரில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டு வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் எங்களை எதிர்கொண்டான். அவன் நடந்து வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் மூட்டுக்குள் பல முறை ரத்தம் கசிந்தவர்கள் அப்படித்தான் காலை வைப்பார்கள். அவன் சதீஷ், குமரேசனின் தங்கை மகன். அம்மாவும் அப்பாவும் எடப்பாடியில் தறி ஓட்டுகிறார்கள். இவன் இங்கே கோழிப்பண்ணையில் கணக்குப் பார்த்துக்கொண்டு அம்மாயியோடு, அம்மாவைப் பெற்ற பாட்டியோடு, இருக்கிறான். மாமனின் நோய் இவனுக்கும் உண்டு. ஆனால் இவன் உடம்பு மருந்தை ஏற்றுக்கொள்கிறது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு நடமாடுகிறான்.

உள்ளே குமரேசனின் அம்மா பாவாயம்மாள் என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாத்துக்குடி டாக்டருங்களா? அட சாமி! கண்ணு, சதீசு, இவருதான் உங்க மாமனுக்குச் சாத்துக்குடி வாங்கியாந்து குடுத்தவரு. அந்த ஆசுபத்திரியில எங்கள ஒரு மனுசனா மதிச்சது இவரு ஒருத்தருதான்."

சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தது உண்மை. பையன் அழாமல் கையை நீட்ட வேண்டும் என்பதற்காக வாங்கிக் கொடுத்தேன்.

எங்களைப் பேசவிடாமல் முதலில் சோறு போட்டார். அரிசியும் பருப்புஞ்சோறு, மேலே நெய், பக்கத்தில் அவித்த முட்டை. "ஒறம்பரைன்னு வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வெறும் வயித்தோட பேசக்கூடாதுங்க" என்றார். நான் சாப்பிட்டேன். எதிர்ச் சுவரில் குமரேசனின் படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே பலகையில் பிரிக்காத சிவப்புக் கம்பளி ஒன்று, குங்குமம் வைத்து இருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அவன் வருவானுங்க" என்றார், பக்கத்து ஊரிலிருந்து யாரோ வருவதைச் சொல்வதுபோல. "கனாவுல. செத்த வருசத்துல இருந்தே வாரான். சோறு கேக்க மாட்டான், தண்ணி கேக்க மாட்டான். 'அம்மா, குளுருது'ம்பான். அவ்வளவுதான். இந்தப் பங்குனி வெயில்ல வந்து குளுருதும்பானுங்க. திதிக்கு வேட்டி வெச்சுக் கும்புட்டுப் பாத்தேன். கேக்கல. அப்பறந்தான் கம்பளி வெச்சேன்."

"வருசா வருசம் வெச்சுக் கும்புட்டுப்போட்டு யாருக்காச்சும் குடுத்துரும்ங்க" என்றான் சதீஷ். "இப்ப ஊர்ல வாங்கிக்க ஆளில்ல. போன வருசத்துக் கம்பளி எருமைக்குப் போயிருச்சு."

அருள்தாஸ் கையில் எடுத்த முட்டையைத் தட்டிலேயே வைத்தார்.

"எரிச்சு எலும்பு பொறுக்கப் போனப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்று பாவாயம்மாள் தொடர்ந்தார். "ஒரு கைப்பிடி எலும்பு கூட இல்ல. அத்தன ஒசரப் பையனுக்கு ஒரு கை எலும்பு இல்லாமப் போகுமுங்களா? சுடுகாட்டு ஆளுகூட மல்லுக்கு நின்னேன். எங்கயோ பாதி தங்கிப்போச்சு. காவேரிக்குப் போகாம எங்கயோ கெடக்குது. அதான் குளுருது. சொன்னா யாரு நம்பறாங்க? பாவாயிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னாங்க."

எனக்கு அந்தக் கணம் எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். எடுத்த ரத்தம் சோதனைக்கு அல்ல என்று சொன்னேன். ஊசி குத்திய இடத்தில் பொழுது சாயும்வரை நீங்கள் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தீர்கள், நான் அந்தப் பக்கமே வரவில்லை, ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று சொன்னேன். அந்த ரத்தத்திலிருந்த அணுக்கள் சாகவில்லை, சூடு காட்டினால் இப்போதும் வளர்கின்றன என்று சொன்னேன்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"குளிரில் அம்மா."

"ஐஸ் பொட்டியிலயா?"

"அதைவிட ரொம்பக் குளிரான இடத்தில்."

பாவாயம்மாள் மெதுவாகப் பேரன் பக்கம் திரும்பினார். கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் இருந்தது, பல வருடம் நடந்த வழக்கில் தீர்ப்புக் கேட்டவரின் முகம்.

"கேட்டயா?" என்றார். "கேட்டயா கண்ணு? ஊரே சிரிச்சுதே. கேட்டயா?"

பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"கொண்டாந்திருக்கறீங்கல்ல? குடுங்க."

நான் சில்லைக் கொண்டுவந்தது விளக்கிச் சொல்வதற்கு. அவரோ, நாற்பது வருடமாக வராமல் இருந்த எலும்பை ஒருவர் கொண்டுவந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். வைத்திருப்பதா, அழிப்பதா என்று நான் கேட்க வந்த கேள்விக்கு அந்த நீட்டிய கைதான் பதில். கூட்டைத் திறந்து காட்டினேன். அவர் சில்லை வெளிச்சத்தில் பிடித்து, ஊதாக் கறையைப் பார்த்து, "எளைச்சுப் போயிட்டியே சாமி" என்றார்.

உடனே எழுந்து வெளியே போய்விட்டார். எலும்பை வீட்டுக்குள் வைப்பதில்லை, ஆற்றில் விடும்வரை மரத்தில்தான் கட்டுவார்கள் என்று சதீஷ் சொன்னான். என் கண்ணாடிக் கூடு மஞ்சள் துணியில் சுற்றப்பட்டு, வாசலுக்கு வெளியே புங்கமரக் கிளையில் தொங்கியது. பாவாயம்மாள் புதுக் கம்பளியைப் பிரித்து மரத்தைச் சுற்றிக் கட்டினார்.

"ஒரு ராத்திரிதான் சாமி. பொறுத்துக்க."

பொழுது இறங்குகிற நேரத்தில் சதீஷ் தான் வேலை பார்க்கும் பண்ணையைக் காட்ட அழைத்துப் போனான். வீட்டுக்குப் பின்னால்தான். ஓயாத இரைச்சலோடு நீளமான கொட்டகை, அடுக்கடுக்காகக் கம்பிக் கூடுகள். நாங்கள் உள்ளே கால் வைத்ததும் இரைச்சல் நின்றது. முழுதாக நின்றது. கொட்டகையின் கடைசிவரை எல்லாக் கொண்டைகளும் ஒரே திசையில், எங்கள் திசையில் திரும்பியிருந்தன. எத்தனை ஆயிரம் கண்கள் என்று தெரியாது. ஒன்றுகூட இமைக்கவில்லை. பிறகு எங்கோ ஒரு கோழி தொண்டையைச் செருமியது, மறுபடி இரைச்சல் எழுந்தது.

"புது ஆளுன்னா அப்படித்தானுங்க" என்றான் சதீஷ். ஒரு கோழியைக் கூட்டிலிருந்து பதமாக எடுத்தான். அதன் கால் துணிபோலத் தொங்கியது. "முட்ட உட்டு உட்டு இதுக்கு எலும்பே இருக்காது. அழுத்திப் புடிச்சா நொடிஞ்சுரும்."

முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். குமரேசனுடைய எலும்பும் அப்படித்தான் மெலிந்திருந்தது. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து, நடக்காமல் படுத்தே கிடந்த பையன். எரித்தால் ஒரு கைப்பிடி எலும்பு மிஞ்சாததில் அதிசயம் இல்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை. இதைச் சதீஷிடம் சொன்னேன்.

அவன் கோழியைக் கூட்டில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"எலும்ப யாரும் எடுக்கல. சரிங்க. ஆனா நீங்க எடுத்தீங்கல்ல?"

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். திரும்பி வரும்போது புங்கமரத்தடியில் பாவாயம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளையைப் பார்த்து அந்த வருடத்து மழை, கரும்பு, யார் யாருக்குக் கல்யாணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தி, கேட்டுக்கொண்டார். பிறகு "ஆமா, ஆமா" என்றார்.

மறுநாள் காலையில் பழுது பார்த்த காரில் ஜேடர்பாளையம் போனோம். தடுப்பணைக்கு மேலே காவேரி நீர் அசையாமல் கிடந்தது. கரையில் அதற்குள் மீன் வறுக்கத் தொடங்கியிருந்தார்கள். மசாலாப் புகை நீரின்மேல் தாழ்ந்து ஊர்ந்தது. பாவாயம்மாள் ஈரச் சேலையோடு இடுப்பளவு நீரில் நின்றார். பால் ஊற்றினார். மஞ்சள் துணியைப் பிரித்துக் கூட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சில்லை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, இவ்வளவுதானுங்களா?"

இவ்வளவு இல்லை. என் பழைய ஆய்வகத்தின் உறைகலன் நிறைய இருக்கிறது. அதுவும் போகட்டும், ஒரு தொலைபேசிப் பேச்சில் அழித்துவிடலாம். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் நான் அனுப்பியிருக்கிறேன், பெருமையாக. அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்தெந்த நாட்டில், எந்தெந்தக் கலனில் என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் இப்போது இருக்கும் குமரேசன், இறந்த அன்றைய குமரேசனைவிட எடை கூடியவனாகக்கூட இருக்கலாம். இதையும் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "இவ்வளவுதான்."

அவர் கையைத் தாழ்த்தினார். சில்லு நீருக்குள் ஒரு முறை மின்னிவிட்டு மறைந்தது. எங்களுக்குப் பின்னால் கரையில் நின்ற சதீஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் அருள்தாஸ் எங்களுக்கு மீன் வாங்கி வைத்திருந்தார். பாவாயம்மாள் துணி மாற்றப் போன நேரத்தில் சதீஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் கைப்பேசியை எடுத்து, அணைத்து, மறுபடி பையில் வைத்தான்.

"ராத்திரி நெட்டுல தேடிப் பாத்தேனுங்க. இந்த மாதிரி ரத்தச் செல்லுக எப்படி ஊர் ஊராப் போகும்னு போட்டிருந்துச்சு."

நான் மீனைப் பிட்டுக்கொண்டிருந்தேன். முள்ளை எடுப்பதுபோல பாவனை செய்தேன்.

"எனக்குப் போடற ஊசியில மாமனோட வேல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"நேராக இல்லை. அந்த அணுக்களை வைத்துக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கற்றது எங்கெங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும்."

அவன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "அம்மாயிக்கு எம்பத்தஞ்சு ஆகுதுங்க. நீங்க சொன்னதே இருக்கட்டும். நானும் வாயத் தொறக்கல." ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் நான் அவனையும் பொய்யில் கூட்டாளி ஆக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சேலம் திரும்பும் வழியில் அருள்தாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"சார், இதெல்லாம் எங்க பங்குச் சாமியார்கிட்டச் சொல்ல வேண்டியது. எங்கிட்டச் சொன்னா மன்னிப்புக் கெடைக்காது, டீசல் பில்லுதான் கெடைக்கும்." கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்தம்மா கேட்டப்ப சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அதற்குமேல் ஊர் சேரும்வரை அவர் வேடிக்கை பேசவில்லை.

கோத்தன்பர்க்கில் பனி உருகத் தொடங்கியிருந்தது. உறைகலன் பெண்ணுக்கு எழுதினேன்: என்னுடையதை அழித்துவிடுங்கள். அன்றே அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. மற்ற நாடுகளுக்குப் போனவை பற்றி அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் அனுதாபத்தோடு சிரித்தாள். ஏரிக்கரையில் நடக்கும்போது கைகள் விறைத்தால்கூட, 'அம்மா, குளுருது' என்ற அந்தச் சொல்லைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைவு வருவதில்லை.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து ஒரு மதியம் சதீஷ் அழைத்தான்.

"அம்மாயி உங்ககிட்டப் பேசோணும்ங்குது. நான் ஒரு வார்த்த சொல்லலீங்க. சத்தியமா."

பாவாயம்மாளின் குரல் வந்தது. நலம் விசாரித்தார். பனி எப்படி என்று கேட்டார்.

"குளுருதுன்னு சொல்றது நின்னுபோச்சுங்க சாமி. நல்லாச் சிரிச்ச மொகமா வந்தான். எங்கூட வாசல்ல உக்காந்தான். ஆனா தெருவையே பாத்துட்டிருக்கறான். 'என்ன சாமி பாக்கற'ன்னு கேட்டேன். 'நான் வந்துட்டேம்மா, மத்தவங்க எப்ப வருவாங்க'ங்கறான்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "யாருங்க அந்த மத்தவங்க?"

"அவர்களும் குமரேசன்தான் அம்மா" என்றேன். "அன்றைக்கு ஆற்றில் நான் சொன்னது பொய். இன்னும் இருக்கிறது. எத்தனை இடத்தில் என்று எனக்குத் தெரியாது. அவற்றைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது."

மறுமுனையில் கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது, நான் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்தபோது நின்றதுபோல. அவர் வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப எத்தன கம்பளி வேணுமுங்க, சாமி?" என்றார்.